இழுக்கப் பிறந்த ஜீப்பை இழுத்து வரும் கதை

பழைய ஜீப் ஒன்று ஏதோ ஒரு ஊரில் நிற்கிறது. அதை வாங்கியவர் வீடு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி. கையில் இருந்த காசில் முக்கால்வாசி ஜீப்புக்கே போய்விட்டது. மிச்சம் இருப்பதை வைத்து அதை வீடு வரைக்கும் கொண்டுவர வேண்டும். எப்படி?

அமெரிக்காவில் எழுபது, எண்பது வருடங்களாகக் கேட்கப்படும் கேள்வி இது. பி.காம். படிக்கிறவனுக்கு ஜீப்போடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். தேய்மானம், வாடகை, காலியாகத் திரும்பும் செலவு, இன்சூரன்ஸ், வழக்குச் செலவு என்று எங்கள் பாடப்புத்தகத்தின் பாதி அத்தியாயங்கள் உள்ளே இருக்கின்றன. அதைவிடச் சுவாரசியம், இந்தச் செலவைச் சாமானியன் கைக்கு எட்டும்படி குறைத்தவர்கள் பெரிய கார் கம்பெனிக்காரர்கள் இல்லை. போர் முடிந்த மூன்றே வருடத்துக்குள், அமெரிக்காவின் ஒரே வடமேற்கு மூலையில் தனித்தனியாகத் தொழில் ஆரம்பித்த இரண்டு சின்ன ஆட்கள்.

அவர்களிடம் போவதற்கு முன் ஜீப்பைப் பற்றிக் கொஞ்சம்.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதியது. கால் டன் சுமக்கும், நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வேண்டும் என்று. இந்த அவசரத்தைப் பார்த்து பெரும்பாலோர் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒழுங்காகப் பதில் போட்டவை பாண்டம், விலீஸ் என்ற இரண்டு கம்பெனிகள். பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரில் இருந்த பாண்டம் ஏறக்குறைய மூழ்கிக்கொண்டிருந்த கம்பெனி. வண்டியை வரையக்கூட ஆள் இல்லாமல் வெளியிலிருந்து கார்ல் புரோப்ஸ்ட் என்ற என்ஜினியரைக் கூப்பிட்டார்கள். அவர் சில நாட்களில் வரைந்து கொடுத்துவிட்டார். செப்டம்பர் 23ஆம் தேதி மாலை 5 மணி கெடு. 4.30க்கு வண்டி மேரிலாண்டில் இருந்த ஹோலாபேர்ட் ராணுவ முகாமுக்குள் நுழைந்தது. லாரியில் ஏற்றிக் கொண்டுவரவில்லை, பட்லரிலிருந்து ஓட்டியே வந்தார்கள்! உலகின் முதல் ஜீப்பின் முதல் நெடும்பயணம் தன் சக்கரத்திலேயே நடந்தது.

ஆனால் அவ்வளவு சின்னக் கம்பெனியால் லட்சக்கணக்கில் செய்துதர முடியாது என்று ராணுவம் வரைபடங்களை விலீஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. அவர்கள் இருவரும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பாண்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. ஆறுதல் பரிசு மாதிரி அவர்களுக்கு வேறொரு ஆர்டர் கிடைத்தது: ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கால் டன் டிரெய்லர். தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு நன்றாகச் செய்தார்கள், பல்லாயிரக்கணக்கில். ஜீப்பைப் பெற்றெடுத்த கம்பெனி, போர்க்காலம் முழுக்க ஜீப்பின் பின்னால் வரும் வண்டியைச் செய்துகொண்டிருந்தது. (வணிக வரலாற்றில் இதைவிடக் கசப்பான ஆர்டர் எனக்குத் தெரிந்து இல்லை.)

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜீப் என்பது இழுப்பதற்காகப் பிறந்த வண்டி. 37 மில்லிமீட்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியை இழுத்தது. 1944இல் பர்மாவில், டயரைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தில் ரயில் பெட்டிகளையே இழுத்தது. இழுவைக்கு வேண்டியது வேகம் இல்லை, கியர். கடைசி கியரில் போனாலும் சக்கரம் ஒரு சுற்று சுற்ற என்ஜின் 4.88 சுற்று சுற்ற வேண்டும் என்று ஜீப்பின் அச்சு அமைந்திருந்தது.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஜீப் டயரின் விட்டம் சுமார் 28 அங்குலம். மணிக்கு 60 மைலில், அதாவது 96 கிலோமீட்டரில், சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 720 சுற்று. 4.88ஆல் பெருக்கினால் என்ஜின் சுமார் 3,500 சுற்று. அந்த என்ஜின் தன் முழு 60 குதிரைசக்தியைக் கொடுப்பதே 4,000 சுற்றில்தான். அதாவது 60 மைல் வேகம் என்பது ஜீப்புக்கு ஏறக்குறைய கழுத்துவரை. அப்படியே நாள் முழுக்க ஓட்டினால் என்ன ஆகும் என்று மெக்கானிக்கைக் கேட்க வேண்டியதில்லை.

போர் நடந்தவரை இது யாருக்கும் உறைக்கவில்லை. பெட்ரோலையும் டயரையும் மிச்சம் பிடிக்க அமெரிக்கா முழுக்க மணிக்கு 35 மைல்தான் வேகம் என்று கட்டுப்பாடு இருந்தது. 35 மைல் ஜீப்புக்குச் சுகமான வேகம். 1945இல் கட்டுப்பாடு போனது, சாலையின் வேகம் ஏறியது, ஜீப் அதே இடத்தில் நின்றது.

அதே சமயத்தில்தான் ராணுவம் தன்னிடம் மிஞ்சியதை விற்க ஆரம்பித்தது. 1944இல் வந்த உபரிச் சொத்துச் சட்டம் போர்வீரர்களுக்கு வாங்குவதில் முன்னுரிமை கொடுத்தது. பெட்டியில் அடைத்த புத்தம்புது ஜீப் 50 டாலருக்குக் கிடைக்கும் என்று ஒரு கதை அப்போது கிளம்பியது, இன்னும் சாகவில்லை. போர்முனைக்குக் கப்பலில் அனுப்ப ஜீப்பைப் பிரித்து மரப்பெட்டியில் அடைத்தது உண்மை. அந்தப் பெட்டி 50 டாலருக்குத் தெருவுக்கு வந்ததுதான் கதை. பத்திரிகைகளின் பின்பக்கத்தில் வந்த மலிவு ஜீப் விளம்பரங்களுக்குப் பணம் அனுப்பியவர்களுக்குப் பெரும்பாலும் வந்தது ஜீப் இல்லை, அரசாங்க உபரிச் சாமான் வாங்குவது எப்படி என்ற கையேடு! இருப்பதிலேயே செலவு குறைந்த வியாபாரம் அதுதான் போல :-)

நிஜ ஜீப்புகள் சில நூறு டாலருக்குப் போயின. அதுவும் உள்நாட்டில் இருந்தவை. வெளிநாட்டில் நின்றவற்றைத் திரும்பக் கொண்டுவரும் செலவு ஜீப்பின் விலையைத் தின்றுவிடும். அதனால் ஆயிரக்கணக்கில் அங்கங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். பிலிப்பைன்ஸில் விட்டவற்றை நீளமாக்கி, கூரை போட்டு, வண்ணம் தீட்டி மக்கள் பஸ்ஸாக ஓட்டினார்கள். மணிலாவின் புகழ்பெற்ற ஜீப்னி அப்படிப் பிறந்ததுதான். ஒரு நகரத்தின் அடையாளத்தையே சரக்குக் கட்டணம் தீர்மானித்திருக்கிறது என்பதை எங்கள் வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை. நம் நாட்டு மகிந்திராவும் 1940களின் கடைசியில் விலீஸ் ஜீப்பை முழு வண்டியாக வாங்காமல், உதிரிகளாக வரவழைத்து பம்பாயில் கோர்க்கத்தான் ஆரம்பித்தது.

இப்போது நம் ஆள் ஜீப்பை வாங்கிவிட்டார். ஊர் தூரம். ஓட்டிப் போனால் என்ஜின் தாங்காது. அப்படியானால் வேறொரு வண்டியின் பின்னால் கட்டி, ஜீப்பின் சொந்தச் சக்கரத்திலேயே உருட்டிக்கொண்டு போவதுதான் இருப்பதில் மலிவு. முன்பக்க பம்பரில் முக்கோணமாக ஒரு இரும்புக் கம்பி, டோ பார் என்பார்கள், அவ்வளவுதான் சாமான். டிரெய்லர் வேண்டாம், வாடகை இல்லை.

மலிவு, ஆனால் ஒரு சிக்கல். ராணுவ ஜீப்பில் முன்சக்கரங்கள் அச்சோடு நிரந்தரமாகக் கோர்க்கப்பட்டவை. நாலு சக்கர இழுவையைப் போட்டாலும் போடாவிட்டாலும் சக்கரம் சுற்றினால் உள்ளே இருக்கும் அச்சு சுற்றும், டிஃபரன்ஷியல் சுற்றும், அதிலிருந்து வரும் நீளமான ஷாஃப்ட்டும் சுற்றும். இரண்டாயிரம் கிலோமீட்டர் இழுத்தால் இரண்டாயிரம் கிலோமீட்டர் தேய்மானம். வீட்டுக்கு வந்து சேர்வது கொஞ்சம் கூடுதல் பழைய ஜீப்.

1948இல் சியாட்டிலில் ஆர்தர் வார்ன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டு விற்க ஆரம்பித்தார். முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை மாற்றி, வேண்டும்போது சக்கரத்தை அச்சிலிருந்து பிரித்துவிடும் ஏற்பாடு. பிரித்துவிட்டால் சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றும், உள்ளே எல்லாம் அசையாமல் கிடக்கும். தார்ச்சாலையில் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோலும் தேய்மானமும் மிச்சம், கட்டி இழுக்கிறவருக்கு முன்பக்கக் கவலையே இல்லை. பின்பக்கத்துக்கு அதைவிட மலிவான வைத்தியம்: பின் ஷாஃப்ட்டின் நட்டுகளைக் கழற்றி ஷாஃப்ட்டை எடுத்து ஜீப்புக்குள்ளேயே போட்டுவிடுவது. செலவு ஒரு ஸ்பானர்.

இதைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு. ஜீப்பில் கியர்பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி உண்டு. அதற்கு நியூட்ரலும் உண்டு, ஏற்றத்துக்கான மெதுவான கியரும் உண்டு. வழியில் அது நியூட்ரலிலிருந்து நழுவி மெதுவான கியரில் விழுந்து, முன்னால் இருக்கும் பெட்டியும் முதல் கியரில் இருந்தால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு என்ஜின் இருபத்தைந்து சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். 60 மைல் வேகத்தில் அது நிமிடத்துக்கு 18,000 சுற்றைத் தாண்டும். நாலாயிரத்துக்குச் செய்த என்ஜின்! முன்னால் ஓட்டுகிறவருக்கு ஏதோ இழுக்கிற மாதிரி தோன்றுவதற்குள் என்ஜின் துண்டு துண்டாகியிருக்கும். சிக்கனம் பார்த்து இரண்டாயிரம் கிலோமீட்டர் கொண்டுவந்த பொருள், கடைசியில் பழைய இரும்பு.

இது ஒரு வழி. இன்னொரு வழிக்கு வார்னுக்கு மூன்று வருடம் முன்னால் போக வேண்டும்.

1945இல் கடற்படையிலிருந்து வெளியே வந்த லெனார்ட் ஷோன் என்ற 29 வயதுக்காரர், மனைவி அன்னா மேரியோடு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வடக்கே போர்ட்லாண்டுக்குக் குடிபெயர்ந்தார். சாமான் ஏற்ற ஒரு டிரெய்லர் வாடகைக்குத் தேடினார். கிடைத்தது, ஆனால் எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு வழி மட்டும் போகிறவனுக்கு அது எதற்கு? காரில் அடைந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். போகும் வழியிலேயே இதையே தொழிலாகச் செய்யலாம் என்று தோன்றியிருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ரிட்ஜ்ஃபீல்டு என்ற ஊரில், மனைவி வீட்டுப் பண்ணையில், 5,000 டாலர் முதலில் யூ-ஹால் ஆரம்பித்தது. நாள் வாடகை 2 டாலர் என்று பக்கவாட்டில் எழுதி, தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி ஆரஞ்சு வண்ணம் அடித்த டிரெய்லர்கள்.

இதில் புதுமை டிரெய்லர் இல்லை, அது யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விட்டுவிடலாம் என்பதுதான் புதுமை. யோசித்துப் பாருங்கள், அது கணக்குப்பிள்ளையைத் தூங்கவிடாத வியாபாரம். போய்ச்சேர்ந்த டிரெய்லரை யார் வாங்கி வைப்பது? அதை யார் திரும்பக் கொண்டுவருவது? நம் லாரிக்காரர்கள் ரிட்டன் லோடு கிடைக்கவில்லை என்று தலையில் கை வைப்பார்களே, அதே பிரச்சினை. ஷோன் தனியாகக் கிளைகள் கட்டவில்லை, பெட்ரோல் பங்க்குகளை ஏஜென்ட் ஆக்கினார். பங்க்காரருக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது, வருகிற கமிஷன் உபரி. டிரெய்லர் வாங்கவும் முழுப் பணத்தைத் தானே போடவில்லை. வெளியாட்கள் பணம் போட்டு டிரெய்லர் வாங்கிக் கம்பெனியிடம் விடுவார்கள், வாடகையில் பங்கு எடுத்துக்கொள்வார்கள். 1949க்குள் நாட்டின் பெரும்பகுதியில் ஒரு நகரத்தில் எடுத்து இன்னொன்றில் விட முடிந்தது. 1955இல் பத்தாயிரத்துக்கும் மேல் டிரெய்லர்கள், 1959 முடிவில் 42,600.

திரும்பி வரும் கவலை ஒழிந்ததா? இல்லை, அது விலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கலிபோர்னியாவிலிருந்து ஜனங்கள் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்த வருடங்களில், அந்தத் திசையில் வாடகை ஏறி, எதிர்த்திசையில் பல மடங்கு குறைந்ததைப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. அதே வண்டி, அதே சாலை, அதே தூரம்! எல்லாரும் விட்டுப் போகிற ஊருக்குள் ஜீப்பைக் கொண்டுவருகிறவர் பாக்கியசாலி.

பின்னாளில் காரையே மேலே ஏற்றிக் கட்டும் டிரெய்லரும் இவர்களிடம் வாடகைக்கு வந்தது. ஆட்டோ டிரான்ஸ்போர்ட் என்று பெயர். ஜீப்பின் எந்தச் சக்கரமும் சாலையில் படாது, ஷாஃப்ட் கழற்ற வேண்டாம். ஆனால் இங்கேதான் சிக்கனக்காரர்கள் தடுமாறுகிறார்கள். அந்த டிரெய்லரின் சொந்த எடையே 2,210 பவுண்டு, சுமார் ஆயிரம் கிலோ. போர்க்கால ஜீப் சுமார் 1,100 கிலோ. ஜீப்பை இழுக்கப் போனவர் இன்னொரு ஜீப் எடையையும் சேர்த்து இழுக்கிறார். 2,100 கிலோவை இழுக்கவும், அதைவிட முக்கியமாக நிறுத்தவும் பெரிய வண்டி வேண்டும். அது சொந்தமாக இல்லையென்றால் அதற்கும் வாடகை, அது குடிக்கும் பெட்ரோல் தனி. டோ பாரில் கட்டினால் 1,100 கிலோதான், ஆனால் பின்னால் வருவதற்குப் பிரேக் பிடிக்க ஆள் இல்லை. இறக்கத்தில் அத்தனை எடையும் முன்னால் போகும் வண்டியைத் தள்ளும். ரிவர்ஸும் எடுக்க முடியாது, ஜீப்பின் முன்சக்கரம் தாறுமாறாக மடங்கிக்கொள்ளும். வாடகை டிரெய்லரிலோ பிரேக் உண்டு. டிரெய்லர் முன்னால் தள்ளுகிற அந்த விசையையே பயன்படுத்தித் தானாகப் பிடித்துக்கொள்ளும் பிரேக்.

ஆக, மலிவு என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி உண்மையான மலிவு. ஹப், ஷாஃப்ட், ஒருவழி வாடகை எல்லாம் அந்த ரகம். இன்னொரு பகுதி, செலவை உயிரின் பக்கம் தள்ளிவிடுவது. சின்ன வண்டியால் பெரிய சுமையை இழுப்பது, பழைய கயிற்றை நம்புவது, பாதுகாப்புச் சங்கிலியை மாட்டாமல் விடுவது. பணக்கணக்கில் இரண்டும் ஒரே மாதிரி மிச்சமாகத்தான் தெரியும். அதுதான் ஆபத்து.

டிரெய்லருக்கே ஒரு குணம் உண்டு. எடை பின்பாதியில் அதிகமாக இருந்தால் வேகம் ஏற ஏற அது பாம்பு மாதிரி இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பிக்கும், பின் முன்வண்டியையும் சேர்த்து ஆட்டும். அதனால்தான் எடையில் 60 சதவீதம் முன்பாதியில் இருக்க வேண்டும், 55 மைலைத் தாண்டாதே என்று யூ-ஹால் சொல்கிறது. ஜீப்பை முகம் முன்னால் இருக்கும்படி ஏற்றச் சொல்வதும் இதற்காகத்தான், என்ஜின் எடை முன்னால் வரும். கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் வண்டிக்கு 55 மைலுக்கு மேல் சட்டப்படியே கூடாது. 2003 டிசம்பரில் யூ-ஹால் ஒரு விசித்திரமான முடிவெடுத்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வைத்திருப்பவருக்கு டிரெய்லர் வாடகைக்குக் கிடையாது! வண்டி பாதுகாப்பற்றது என்று அவர்கள் சொல்லவில்லை, அந்த வண்டி சம்பந்தப்பட்ட வழக்குகளின் செலவு தாங்கவில்லை என்றார்கள். பின்னர் 2011 முதலான புது மாடல்களுக்கு மட்டும் தடை நீங்கியது. 2007இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இந்த வாடகை டிரெய்லர்களின் ஆட்டத்தையும் பராமரிப்பையும் விசாரித்துத் தொடர் எழுதியது, சரியாகப் பயன்படுத்தினால் பாதுகாப்பானவைதான் என்றது கம்பெனி. இரண்டு டாலர் வாடகையில் ஆரம்பித்த தொழிலில், கடைசியில் யாருக்கு வாடகைக்குக் கொடுக்கக் கூடாது என்று வக்கீல் செலவு முடிவு செய்கிறது.

இதற்கிடையே ஜீப்பின் வேலையே மாறிப்போயிருந்தது. 1953 ஆகஸ்டில் மார்க் ஸ்மித் என்பவர் ஏற்பாட்டில், கலிபோர்னியாவின் ஜார்ஜ்டவுனிலிருந்து ரூபிகன் என்ற பாறைத்தடம் வழியாக டாஹோ ஏரியை நோக்கி 55 ஜீப்புகளில் 155 பேர் போனார்கள். பொழுதுபோக்குக்காக! அடுத்த சில வருடங்களிலேயே, 1956இல், மாநிலங்களை இணைக்கும் அதிவேக நெடுஞ்சாலைத் திட்டம் சட்டமானது. ஒரு பக்கம் ஜீப்புக்கு மலையில் வேலை, இன்னொரு பக்கம் மலைக்குப் போகிற சாலையில் ஜீப்பால் மற்றவர்களோடு ஓட முடியாத வேகம். மலை அடிவாரம் வரை இழுத்துப்போய், அங்கே அவிழ்த்துவிட்டு, மேலே ஓட்டுவது என்ற பழக்கம் இந்த இடைவெளியில்தான் ஊன்றிக்கொண்டது. வீடு மாதிரி இருக்கும் மோட்டார் ஹோம்களில் ஊர் சுற்றும் ஓய்வுபெற்றவர்கள் இன்றும் பின்னால் ஜீப்பைக் கட்டி இழுக்கிறார்கள். பெரிய கப்பலின் பின்னால் வரும் சின்னப் படகு மாதிரி இருப்பதால் அதற்கு டிங்கி என்று செல்லப்பெயர். இன்றைய ரேங்ளர் ஜீப்பின் கையேட்டிலேயே, டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து எப்படி இழுத்துச் செல்வது என்று படிப்படியாகப் போட்டிருக்கிறார்கள். தன்னை எப்படி இழுக்க வேண்டும் என்று சொல்லித் தந்தே விற்கும் வண்டி!

பாண்டம் கதையை நடுவில் விட்டுவிட்டேன். போருக்குப் பிறகும் அவர்கள் கார் பக்கம் திரும்பவில்லை, டிரெய்லரே செய்து 1950களின் நடுவில் அடங்கிப்போனார்கள். அவர்களுடைய போர்க்கால டிரெய்லருக்கு இப்போது சேகரிப்பாளர்களிடம் நல்ல கிராக்கி, ஜீப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறவர்கள் பின்னால் கட்ட அதைத் தேடுகிறார்கள். பட்லர் ஊரில் 2011இல் பாண்டம் ஜீப் திருவிழா ஆரம்பித்தது, முதல் வருடமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் ஒரே வரிசையில் ஊர்வலம் போயின. 1940இல் ஒரு ஜீப் அந்த ஊரிலிருந்து தானே ஓடிப் புறப்பட்டது. தூரத்து மாநிலங்களிலிருந்து அங்கே வரும் கிழட்டு ஜீப்புகளுக்கு இப்போது டிரெய்லர் சவாரிதான்.